வெளியே உட்காருங்கப்பா

அப்பா முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். பல்லவன் போக்குவரத்துக் கழகமாக இருந்தபோது சேர்ந்து, மாநகரப் போக்குவரத்துக் கழகமாகப் பெயர் மாறிய பிறகு ரிட்டயர் ஆனார். அதில் பாதிக்கு மேல் 29சி, பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை. அதனால் 2022 தொடக்கத்தில் இடுப்பு வலிக்கிறது என்று அவர் சொன்னபோது வீட்டில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அத்தனை வருடம் அந்த சீட்டில் குலுங்கியவருக்கு இடுப்பு வலிக்காமல் எப்படி இருக்கும்? எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துத் தேய்மானம் என்றார், பெல்ட் எழுதிக் கொடுத்தார். பத்து நாள் பிசியோதெரபி. ராத்திரி நாலைந்து தடவை பாத்ரூமுக்கு எழுந்திருக்கிறார் என்று அம்மா சொன்னதைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டோம். பதினைந்து வருடமாக அவருக்குச் சர்க்கரை. இடுப்பு வலி எலும்பு டாக்டரிடம் போனது, ராத்திரி எழுந்திருப்பது சர்க்கரை டாக்டரிடம் போனது. இரண்டையும் ஒரே டாக்டரிடம் சேர்த்துச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு அவருக்குச் சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் டியூப் போட்டார்கள். ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. காலையில் வந்த யூராலஜி டாக்டர் விரலால் சோதித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எழுதினார். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பிக்கான பரிசோதனை அது. சாதாரணமாக 4 வரை இருக்கலாம் என்கிற அந்த எண் அப்பாவுக்கு 186.

“டியூப் போட்டாலும் ஏறும், இன்ஃபெக்ஷன் இருந்தாலும் ஏறும், வயசானா வர்ற சாதா வீக்கத்துக்கும் ஏறும். ஆனா இவ்வளவு ஏறாதும்மா” என்றார்.

அடுத்த மூன்று வாரம் எப்படிப் போனது என்று எனக்கே சரியாக ஞாபகமில்லை. பயாப்சியில் பன்னிரண்டு துண்டு எடுத்தார்கள். நோய் எவ்வளவு மூர்க்கமானது என்று சொல்லும் கிளீசன் மதிப்பெண் 4+5, அதாவது 9. அந்தக் கணக்கில் உச்சம் 10. எலும்பு ஸ்கேன் படத்தில் முதுகெலும்பில் இரண்டு இடம், இடுப்பெலும்பு, விலா, வலது தொடை எலும்பு எல்லாம் மை கொட்டியது போலக் கறுத்திருந்தன. புராஸ்டேட் புற்றுநோய், எலும்புக்குப் பரவிவிட்டது. அப்போது அப்பாவுக்கு 72 வயது.

மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் போனில் முதலில் சொன்னது, “அப்பாகிட்ட சொல்லாதே. அவர் தாங்க மாட்டார்.” அம்மாவும் அதையே சொன்னாள். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. அதனால் டாக்டரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஃபைலை என் கையில் வாங்கிக்கொண்டு, “நீங்க வெளியே உட்காருங்கப்பா, நான் பேசிட்டு வந்துடறேன்” என்பேன். அவரும் காரிடாரில் இருக்கும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். மூன்று தடவை இப்படி நடந்தது. அவருடைய உடம்பைப் பற்றி எடுத்த முக்கியமான முடிவுகள் அந்த மூன்று தடவைக்குள் அடங்கும்.

டாக்டர் எனக்கு விளக்கியது இது. இந்த நோய்க்குத் தீனி டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன். அது பெரும்பாலும் விதைகளில் சுரக்கிறது. அதை அடைத்துவிட்டால் நோய் சுருங்கும், வலி குறையும், பல பேருக்கு வருடக் கணக்கில் அடங்கியும் இருக்கும். ஆனால் எலும்புக்குப் போன பிறகு முழுதாகப் போகாது. ஹார்மோனை அடைக்க இரண்டு வழி. ஒன்று, மாதத்துக்கு ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ போடும் ஊசி. இன்னொன்று ஆர்க்கிடெக்டமி. நான் புரிந்தது போலத் தலையாட்டினேன். அவர் விடவில்லை. “ரெண்டு விதையையும் எடுத்துடற சின்ன ஆபரேஷன். ஒரு நாள் வேலைதான், அதுக்கப்புறம் ஊசியே வேண்டாம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அப்பாவிடம் இதை நான் எப்படிப் போய்ச் சொல்வேன்? யோசிக்கக்கூட இல்லை, “ஊசியே போட்டுடுங்க சார்” என்றேன்.

ஊசிக்கு முன்னால் பைகாலுடமைட் மாத்திரை எழுதினார். அந்த ஊசி ஹார்மோனைக் குறைப்பதற்கு முன் முதல் ஒன்றிரண்டு வாரம் ஏற்றிவிடுமாம். முதுகெலும்பில் நோய் இருப்பவர்களுக்கு அந்த ஏற்றமே ஆபத்தாக முடியலாம், அதனால் மாத்திரையைத் தொடங்கிவிட்டுத்தான் ஊசி. ஏற்றாமலே இறக்குகிற வேறு வகை ஊசியும் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது முதல் ஊசி எழுதினால், இது ஏற்றிவிட்டு இறக்குகிற வகையா, முன்னால் மாத்திரை வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். எங்கள் டாக்டர் நாங்கள் கேட்காமலே செய்தார். எல்லோரும் அப்படிச் செய்வார்கள் என்று சொல்ல முடியாது. அதோடு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். கால் திடீரென்று பலம் இழந்தால், இடுப்புக்குக் கீழே மரத்துப்போனால், மலமோ சிறுநீரோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ நின்றாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே எமர்ஜென்சிக்கு வர வேண்டும். தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம். மணிக்கணக்கில் தாமதித்தால் நடை திரும்பாமலே போகலாம். இதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். என்ன நோய் என்று மட்டும் அதில் எழுதவில்லை.

ஊசி போட்ட அன்று, “இது எலும்புக்காம்மா?” என்று அப்பா கேட்டார். “ஆமாம்ப்பா” என்றேன். நர்ஸ் நீட்டிய தாளில் அவர் கையெழுத்துப் போட்டார். இன்றுவரை எனக்கு உறுத்துவது அந்தக் கையெழுத்து.

ஊசியோடு இன்னொரு மருந்தையும் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கீமோவா, மாத்திரையா என்பதில் இரண்டாவது கருத்து கேட்கலாம் என்று அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்குக் கிளம்பினோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய இடம். சென்னையில் எந்த வீட்டில் கேட்டாலும் “அடையாறு ஆஸ்பத்திரி” என்றால் எது என்று தெரியும். அதுதான் பிரச்சினை. ‘செக்கப்’ என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றினேன். மயிலாப்பூர் தாண்டி திரு.வி.க. பாலத்தில் வண்டி ஏறும்போது அப்பா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

“29சி ஓட்டினவன்கிட்ட அடையாறு ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்குப் போறோம்னு சொல்றியேம்மா. கையில பெரிய கவர் வெச்சிக்கினு அந்த ஸ்டாப்புல இறங்குறவங்களை எத்தினி வருஷம் கண்ணாடியில பாத்திருப்பேன். இறங்கி முடிக்கிற வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டேன்.”

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். ஆட்டோக்காரர் பாட்டை நிறுத்திவிட்டார். அப்பாவுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கிறது. ஃபைலில் இங்கிலீஷ் எழுத்து கூட்டிப் படிக்கிற அளவுக்கு அவருக்கு வரும். நாங்கள் அவர் தாங்க மாட்டார் என்று மறைத்திருக்கிறோம். எங்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று அவர் தெரியாதது போல நடித்திருக்கிறார். ஒன்றரை மாதம், ஒரே வீட்டில்.

அன்றைக்கு அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். அதற்கு முன் நாங்கள் செய்த வேலைகளில் ஒன்று உருப்படியானது, அதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கருத்துக்குப் போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. பயாப்சி செய்த லேபிலிருந்து ஸ்லைடுகளையும் பிளாக்கையும், அதாவது அந்தச் சதைத் துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும், எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஸ்கேனுக்கு ஃபிலிமை விட சிடி முக்கியம். இதெல்லாம் இருந்ததால் திரும்பப் பயாப்சி தேவைப்படவில்லை. ஸ்லைடை மறுபடி பார்த்து அதே 9 என்று உறுதி செய்தார்கள்.

அப்பா டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்டார். முதல் கேள்வி, “இது போவுமா சார்?” போகாது, அடக்கி வைக்கலாம் என்றார். “எத்தினி வருஷம்?” சிலருக்கு ஒன்றரை வருடம்தான் மருந்து கேட்கும், சிலருக்கு ஐந்தாறு வருடம்கூடக் கேட்கும், ஏழெட்டு மாதத்தில் பி.எஸ்.ஏ. எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதைப் பார்த்தால் நீங்கள் எந்தப் பக்கம் என்று ஓரளவு தெரியும் என்றார். நான் கேட்டிருந்தால் இந்தப் பதிலை இவ்வளவு நேராகச் சொல்லியிருப்பாரா தெரியாது. மூன்றாவது கேள்விதான் எங்கள் யோசனையையே மாற்றியது. “எதை எடுத்தா நான் கடைசி வரைக்கும் என் காலால நடந்து பாத்ரூம் போவேன்?”

நானும் அண்ணனும் அதுவரை எந்த மருந்து பெரியது, எது புதியது, எதற்கு எவ்வளவு செலவு என்றே பேசிக்கொண்டிருந்தோம். டாக்டர் அப்பாவின் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைக் குத்திப் பார்த்தார். சர்க்கரையால் ஏற்கெனவே பாதி உணர்ச்சி போயிருந்தது.

டோசிடாக்சல் கீமோ என்றால் மூன்று வாரத்துக்கு ஒன்று, ஆறு தடவை. நாலு மாதத்தில் முடிந்துவிடும், செலவும் அதோடு முடியும். ஆனால் வெள்ளை அணுக்கள் இறங்கும் நாட்களில் காய்ச்சல் வந்தால் ஓட வேண்டும். கை கால் மரமரப்பு வரக்கூடிய மருந்து, ஏற்கெனவே மரத்த காலுக்கு அது கூடுதல் கேடு. அபிராட்டிரோன் மாத்திரை என்றால் வீட்டிலிருந்தே சாப்பிடலாம். அட்ரீனல் சுரப்பியிலும் நோய்க்குள்ளேயும் கொஞ்சநஞ்சம் சுரக்கும் ஹார்மோனையும் அது அடைக்கும். ஆனால் கேட்கிற வரை தினமும் சாப்பிட வேண்டும், மாதாமாதம் பணம் வேண்டும், கூடவே பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு வேண்டும், அது சர்க்கரையை ஏற்றும். ரத்த அழுத்தம், பொட்டாசியம், கல்லீரல் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊசியோ ஆபரேஷனோ மட்டும் போதும் என்று நிறுத்தாமல் தொடக்கத்திலேயே இப்படி ஒன்றைச் சேர்ப்பதால் ஆயுள் கூடுகிறது என்பது 2015-லிருந்து வந்த பெரிய ஆய்வுகளில் தெளிவாகிவிட்டதாம். உடம்பு தெம்பாக இருப்பவர்களுக்கு இப்போது இரண்டையும் சேர்த்தே கொடுப்பதும் உண்டு. அப்பாவின் காலுக்கும் சர்க்கரைக்கும் அது வேண்டாம் என்றார்.

“சர்க்கரையை நான் பாத்துக்கறேன். காலு போனா யாரு பாப்பாங்க” என்று அப்பா மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

டிசம்பரில் அடுத்த ஊசி வந்தது. அதற்கு முந்தின வாரம் யூராலஜி டாக்டரைப் பார்க்கப் போனபோது, அறை வாசலில் அப்பா என்னை நிறுத்தினார். “நீ கொஞ்சம் வெளியே உட்காரும்மா.” இருபது நிமிடம் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரும்பு நாற்காலி எவ்வளவு சில்லென்று இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெளியே வந்து, “ஆபரேஷனே பண்ணிக்கறேன்னு சொல்லிட்டேன்” என்றார். ஊசி ஒவ்வொன்றும் பத்தாயிரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது என்பது ஒரு காரணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்னை லீவு போட வைக்க அவருக்கு மனமில்லை என்பது இன்னொன்று. அவர் வாயால் சொன்னது, “எழுவத்திரெண்டு வயசுல இனிமே அது எனக்கு இன்னாத்துக்கு?”

அண்ணன் போனில் சண்டை போட்டான். காசுக்காகவா அப்பாவுக்கு இப்படிச் செய்வது, நான் அனுப்புகிறேன் என்றான். எனக்கும் உள்ளுக்குள் அந்த எண்ணம் இருந்தது, ஆபரேஷன் என்றால் வசதியில்லாதவர்களுக்கான சிகிச்சை என்று. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: ஹார்மோனை நிறுத்தினால் இந்த நோய் சுருங்கும் என்பதையே சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ல் இந்த ஆபரேஷனை வைத்துத்தான் காட்டினார், 1966-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஊசிகள் வந்தது அதற்கு வெகு காலம் கழித்து. ஆபரேஷனில் ஹார்மோன் சில மணி நேரத்திலேயே இறங்கிவிடுகிறது, பலன் ஊசிக்குக் குறைந்ததில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. ஊசியை நிறுத்தலாம், ஆபரேஷனைத் திருப்ப முடியாது. மனதளவில் அது சிலரை நொறுக்கிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு ஊசிதான் சரி. அந்த வித்தியாசத்தை எடைபோட வேண்டியவர் அந்த உடம்புக்குச் சொந்தக்காரர். நான் கூச்சத்தில் அவருக்குப் பதிலாக எடைபோட்டுவிட்டேன்.

சொந்தக்காரர்களிடம் ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லச் சொன்னார். அந்தப் பொய்யை மட்டும் இன்றும் காப்பாற்றி வருகிறோம். அம்மா என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. ஆபரேஷன் முடிந்து வந்த அன்று ராத்திரி அவருக்கு வெந்நீர் ஒத்தடப் பையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். அபிராட்டிரோனை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், மாத்திரைக்குப் பிறகு ஒரு மணி நேரம் எதுவும் கூடாது. சாப்பாட்டோடு சேர்ந்தால் உடம்பு பல மடங்கு மருந்தை இழுத்துக்கொள்ளும். பால் விட்ட காபியும் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. முதல் பத்து நாள் அப்பா மாத்திரையைக் காபியோடுதான் விழுங்கியிருக்கிறார். முதல் ட்ரிப் எடுத்துப் பழகியவர் என்பதால் இப்போதும் நாலரைக்கு எழுந்துவிடுவார். அதனால் ஐந்து மணிக்கு 250 மில்லிகிராம் மாத்திரை நான்கு, ஆறேகாலுக்குக் காபி, டிபனுக்குப் பிறகு பிரெட்னிசோலோன் என்று வைத்துக்கொண்டோம். குறைந்த அளவைச் சாப்பாட்டோடு கொடுக்கும் முறையும் சில டாக்டர்களிடம் உண்டு, ஆனால் அது அவர்கள் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியது. நாமாகப் பாதியாக்கக் கூடாது.

எலும்புக்கான சோலெட்ரோனிக் ஆசிட் ஊசிக்கு முன்னால் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். எலும்புக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா சிரித்தார். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்து இருக்கிறது. வெற்றிலை போட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்த இரண்டு கடைவாய்ப் பற்களை முன்கூட்டியே எடுத்து, புண் ஆறிய பிறகுதான் ஊசி. ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். கூடவே கால்சியம், வைட்டமின் டி.

2023 மார்ச்சில் ஒரு ராத்திரி, “காலு தூக்க முடியலம்மா” என்றார். ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். எமர்ஜென்சியில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், தண்டுவடம் நன்றாக இருந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் 2.8. அபிராட்டிரோன் செய்த வேலை. வீணாகப் பயந்து வந்துவிட்டோமோ என்று கேட்டதற்கு டியூட்டி டாக்டர், “பத்து தடவை வீணா வந்தாலும் பரவாயில்லை, ஒரு தடவை வராம இருந்துடாதீங்க” என்றார். பொட்டாசியம் அவ்வளவு இறங்குவதே இதயத்துக்கு ஆபத்து என்பதால் அது வீணும் இல்லை.

அதற்குப் பிறகு அப்பா ஒரு நீளமான நோட்டு வாங்கி லாக் ஷீட் மாதிரி கோடு போட்டார். தேதி, பிரஷர், சர்க்கரை, மாத்திரை நேரம், ராத்திரி எத்தனை தடவை எழுந்தார், வலி பத்துக்கு எத்தனை. தினமும் கீழே கையெழுத்து. டாக்டர்களுக்கு அந்த நோட்டின் மேல் தனி மரியாதை. கையெழுத்தைப் பார்த்தாலே ஒருத்தர் சிரித்துவிடுவார்.

அந்த நோட்டில் இல்லாத ஒன்றும் நடந்தது. கல்லீரல் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. திடீரென்று நாலு மடங்கு ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு, “வேற ஏதாவது சாப்பிடறீங்களா?” என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். ஒரு சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்த முள் சீத்தா இலைக் கஷாயம், இரண்டு மாதமாக, அம்மா கையால். ஏறியது மாத்திரையாலா கஷாயத்தாலா என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. கஷாயத்தை நிறுத்தினோம், மூன்று வாரத்தில் எண் இறங்கியது, மாத்திரை திரும்பத் தொடங்கியது. நாட்டு மருந்து கொண்டுவருபவர்கள் அன்பில்தான் கொண்டுவருகிறார்கள், அவர்களோடு சண்டை போட்டுப் பயனில்லை. வாங்கி வைத்துக்கொண்டு, டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுவதாகச் சொல்லிவிடுகிறோம். மாத்திரைக்கு மூன்று வாரம் லீவு விடும்படி ஆனதில் அம்மாவுக்கு இருந்த குற்ற உணர்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

ஹார்மோன் போனதால் வரும் தொல்லைகளில் எங்களுக்குத் தெரிந்தது உடம்புச் சூடு மட்டும்தான். ஏப்ரல், மே வெயிலில் ஃபேனுக்குக் கீழேயே உட்கார்ந்து ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, “உடம்பு கொதிக்குது” என்பார்; ஐந்து நிமிடத்தில் தணிந்துவிடும். தெரியாதது அழுகை. டிவி சீரியலில் யாராவது மகளை வழியனுப்பினால் இவருக்குக் கண்ணில் தண்ணீர். வாழ்நாளில் நான் பார்க்காத காட்சி. மனம் உடைந்துவிட்டார் என்று நாங்கள் பயந்து ஆளுக்கு ஆள் உபதேசம் செய்ய, அவருக்கு இன்னும் கோபம் வர, கடைசியில் டாக்டர்தான் இதுவும் சிகிச்சையின் பக்கவிளைவு என்றார். தொப்பை வைக்கும், சதை கரையும், எலும்பு மெலியும். அதற்கு மருந்து நடைதான் என்று சொன்னதால் காலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறார். விழாமல் இருப்பது அதைவிட முக்கியம். பாத்ரூமில் வெஸ்டர்ன் டாய்லெட், சுவரில் ஸ்டீல் கைப்பிடி, வழுக்காத ஓடு. எல்லாம் சேர்த்து ஒரு ஊசியின் விலைதான் ஆனது. இதை முதல் மாதமே செய்திருக்க வேண்டும்.

பணம். என் ஆபீஸ் இன்ஷூரன்ஸில் பெற்றோர் உண்டு. ஆபரேஷன், ஒரு நாள் படுக்கையில் போடும் ஊசி, ரேடியேஷன் எல்லாவற்றுக்கும் கொடுத்தார்கள்; மாத்திரை வெளிநோயாளி செலவு என்று கைவிரித்துவிட்டார்கள். அபிராட்டிரோனில் அட்டையில் அச்சிட்ட விலைக்கும் நாங்கள் கடைசியில் கொடுத்த விலைக்கும் பாதிக்கு மேல் வித்தியாசம். ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் முதல் மாதம் கேட்ட விலையைக் கொடுத்தோம். பிறகு புற்றுநோய் மருந்து மட்டும் விற்கும் மொத்தக் கடைகளில் பிரிஸ்கிரிப்ஷனைக் காட்டி விசாரித்தோம். அதே கம்பெனி, அதே மாத்திரை. கடை மாறலாம், கம்பெனியை மாற்றினால் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்பாவின் பென்ஷன் வரம்பைத் தாண்டியதால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் எங்களுக்கு இல்லை. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை அதில் உண்டு. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு முதலில் அதைப் பாருங்கள். வரி கட்டுபவர்களுக்கு இன்னொன்று: பழைய வரிமுறையில் இருந்தால் 2026 மார்ச் வரையிலான சட்டத்தில் 80டிடிபி எனப்படும் பிரிவில் மூத்த குடிமக்களின் புற்றுநோய் சிகிச்சைச் செலவுக்கு 1 லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம், இன்ஷூரன்ஸ் கொடுத்தது போக. சிறப்பு மருத்துவரின் பிரிஸ்கிரிப்ஷன் வேண்டும். முதல் வருடம் எனக்கு இது தெரியாமல் போனது.

தொடை எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை ரேடியேஷன் கொடுத்தார்கள், 8 கிரே. இரண்டு வாரத்தில் வலி ஏழிலிருந்து இரண்டுக்கு வந்ததை லாக் ஷீட் சொல்கிறது. வலிக்கென்றே தனி டாக்டர் இருக்கிறார், நோய் ஆதரவு சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) என்று தனிப் பிரிவே இருக்கிறது என்பதை நாங்கள் அப்போதுதான் அறிந்தோம். பெயரைக் கேட்டதும் அம்மா, “கைவிட்டுட்டாங்களா?” என்றாள். இல்லை. அந்த டாக்டர் கொடுத்த மாத்திரையால்தான் அப்பா ராத்திரி தூங்கினார். எங்கள் தெருவில் படுக்கையிலேயே இருக்கும் ஒரு பாட்டிக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நர்ஸ் வீட்டுக்கே வந்து போகிறார்.

அத்தை மார்பகப் புற்றுநோயில் இறந்தவர் என்று கேட்டதும் டாக்டர் அப்பாவுக்கு பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனை செய்யச் சொன்னார். மார்பகப் புற்றுநோயும் புராஸ்டேட் புற்றுநோயும் ஒரே மரபணுக் கோளாறில் வரக்கூடியவை, இருந்தால் எனக்கும் கவலை உண்டு. இல்லை என்று வந்தது. ஆனாலும் அண்ணனை 45 வயதிலிருந்தே பி.எஸ்.ஏ. பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் பார்த்தான், 0.9.

அப்பாவின் பி.எஸ்.ஏ. எட்டாவது மாதத்தில் 0.3-க்கு வந்தது. இரண்டு வருடம் அங்கேயே நின்றது. இந்த வருடம் 0.9, அடுத்து 2.1. டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்தில் இருக்கும்போதே இது ஏறுகிறது என்றால் நோய் மருந்தை மீறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுத்து நோய் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அன்றைக்கு வேண்டாம் என்று வைத்த டோசிடாக்சலா, லூட்டீசியம் என்கிற கதிர் மருந்தா என்று பேச வேண்டும். அப்பாவுக்கு இப்போது 75. நோட்டின் கடைசிப் பக்கத்தில் டாக்டரிடம் கேட்க ஐந்து கேள்வி எழுதி வைத்திருக்கிறார். முதல் கேள்வி காலைப் பற்றி. நான்காவதை அடித்திருக்கிறார், என்னவென்று படிக்க முடியவில்லை.

ஸ்கேன் வியாழக்கிழமை. கார் புக் பண்ணுகிறேன் என்றால் வேண்டாம், 29சியில் போகலாம் என்கிறார். முதுகெலும்பு இருக்கிற நிலையில் குலுக்கல் ஆகுமா என்று டாக்டருக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன். கூட்டமில்லாத நேரத்தில், நடுவில் இருக்கும் சீட்டில் உட்கார்ந்தால் போகலாம் என்று பதில் வந்தது. இவருக்கு டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்தான் வேண்டுமாம். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.